மணி போடாத கோல்

தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் என் தங்கை வசந்தியை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அப்படியும் மைக் அவள் நெற்றிக்குத்தான் வந்தது. மைக்செட்காரர் திருகைத் தளர்த்தி அவள் வாய்க்கு நேராக இறக்கினார். அவள் கையை நீட்டி மைக்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தம் மைதானத்தின் அடுத்த கோடி வரை போய் வந்தது.

நீல நைலான் சட்டை. முதுகில் வெள்ளையில் பன்னிரண்டு. அன்று காலை அதை இஸ்திரி போட்டவள் நான்.

பொங்கலை ஒட்டி நடக்கும் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. பரிசு கொடுக்க வேண்டிய பெரிய மனிதரின் கார் இன்னும் வரவில்லை. கூட்டம் கலைந்துவிடக் கூடாதே என்று, அதுவரை வசந்தி பாப்பா இன்றைய ஆட்டத்தைச் சொல்லும் என அறிவித்துவிட்டார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒன்பது வயதுப் பெண், முழு ஆட்டத்தையும் பார்த்த மாதிரி சொல்வாள் என்பது திருவண்ணாமலையில் எங்கள் பக்கத்தில் பிரசித்தம்.

நான் புங்கமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் சொல்லி முடிக்கும்போது கூட்டம் கைகொட்டிச் சிரிக்கப் போகிறது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு ஏற்பாடு செய்தவளே நான்தான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

சொந்தத் தங்கைக்கா, அதுவும் கண் தெரியாத குழந்தைக்கா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதில்.

கரி விசிறியவள்

அப்பாவின் இஸ்திரி வண்டியைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாக வந்து சேர்பவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு மைதானம். அதன் ஓரத்தில் ஒரு புங்கமரம். மரத்தடியில் அப்பாவின் தள்ளுவண்டி. அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவாள். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் வசந்தியும் வண்டியடிக்கு வந்துவிட வேண்டும்.

கரி விசிறுவது, மடித்த துணிகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, வசந்தியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வேலை. வசந்திக்கு வேலை எதுவும் கிடையாது.

மைதானத்தில் சாயங்காலம் 'மலையோரம்' டீம் ஆடும். கேப்டன் பாஷா அண்ணன், லேத் பட்டறை வைத்திருந்தார். கோல் கீப்பர் துரை அண்ணன், ஆட்டோ ஓட்டினார். முன்னால் நின்று கோல் போடுகிறவர் குருக்கள் வீட்டு மணி அண்ணன். குடுமியை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி முடிந்துகொண்டு ஆடுவார். பந்து எவ்வளவு வாகாக உயரத்தில் வந்தாலும் தலையால் மட்டும் முட்ட மாட்டார், குடுமி அவிழ்ந்துவிடுமாம். சாயரட்சைப் பூஜைக்கு நேரமானால் பாதி ஆட்டத்தில் கோயிலுக்கு ஓடிவிடுவார்.

அவர்களுடைய சட்டைகள் அப்பாவிடம்தான் வரும். நைலானில் பெட்டியை நேராக வைத்தால் சுருங்கிக் கருகிவிடும். ஈரத்துணி விரித்து அதன்மேல் தேய்க்க வேண்டும். அந்த ஈரமும் கரியும் பழைய வியர்வையும் கலந்த வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

எனக்கு ஆட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பந்து வண்டிப் பக்கம் உருண்டு வந்தால் ஓடிப்போய் ஓர் உதை விடுவேன், அது நேராகத் துரை அண்ணன் கைக்குப் போகும். ஒன்பது வயதில் பாஷா அண்ணனிடம் கேட்டேவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, பொட்டப்புள்ளைங்க கிரவுண்டுக்குள்ள வந்தா அடிபட்டுடும், போயி அப்பாவுக்கு ஒத்தாசை பண்ணு என்றார். நான் போய்க் கரி விசிறினேன்.

அந்த ஒன்பது வயதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையைச் சுற்றிய டப்பா

வசந்திக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது மைதானத்தில் இல்லை. கிரிவலப் பாதையில்.

அவளுக்குப் பார்வை வர வேண்டும் என்று அம்மா மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். பௌர்ணமிக் கூட்டத்துக்குப் பயந்து செவ்வாய்க்கிழமைக் காலைகளில் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு புறப்படுவாள். மூன்று பேரும் வெறுங்காலோடு நடப்போம். ஒரு செவ்வாயன்று வசந்தியின் காலில் காலியான ஒரு பவுடர் டப்பா தட்டுப்பட்டது. அது லொட லொடவென்று உருண்டு எங்கேயோ போய் நின்றது. அவள் என் கையை விட்டுவிட்டு, அந்தச் சத்தம் நின்ற இடத்துக்கு நேராக நடந்து போய், மறுபடி உதைத்தாள்.

அன்றைக்குப் பாதி மலையை அவள் யார் கையையும் பிடிக்காமல் சுற்றினாள். டப்பா முன்னால், அவள் பின்னால். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

குபேர லிங்கம் தாண்டியதும் நானும் அந்த டப்பாவை ஓர் உதை விட்டேன். அம்மா என் முதுகில் வைத்தாள் ஓர் அறை. சாமி மலையைச் சுற்றும்போது காலால் எதையாவது உதைக்கலாமா என்றாள். அப்ப அவ மட்டும் என்றேன். "அதுக்கு இன்னா தெரியும். உனக்குக் கண்ணு தெரியுதில்ல" என்றாள்.

கண் தெரிந்த பாவத்துக்கு வாங்கிய முதல் அடி அது.

இப்போது வசந்தி வேலூரில் ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறாள். இந்த அத்தியாயத்தை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, டப்பாவையும் சேர்த்து எழுது, அதிலிருந்துதான் நீ என்மேல் கடுப்பாக இருந்தாய் என்றாள். அவள் சொல்வது தப்பு. கடுப்பு அதற்கும் முன்னால் இருந்தது. டப்பாவுக்குப் பிறகு அதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

ஊமை ஆட்டம்

ஒரு நாள் பந்து வண்டிச் சக்கரத்தில் மோதி நின்றது. நான் எழுந்து ஓடுவதற்குள் வசந்தி காலால் துழாவி அதை அமுக்கிக்கொண்டாள். பாஷா அண்ணன் வந்து கேட்டும் கொடுக்கவில்லை. நானும் ஆடணும் என்றாள்.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? அடிபட்டுடும், போயி அப்பாவுக்கு ஒத்தாசை பண்ணு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். பட்டறைக்காரர் இல்லையா, எந்திரத்தில் எது பழுது என்பதைக் காதால் கண்டுபிடிக்கிறவர். எங்கள் வண்டியில் கிடந்த ஜவுளிக்கடை பாலிதீன் கவர் ஒன்றை எடுத்துப் பந்தைச் சுற்றிக் கட்டினார். உருட்டிவிட்டார். சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. வசந்தி பின்னாலேயே ஓடினாள்.

அன்றிலிருந்து தினமும் ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் அவளுக்கு. அதற்கு 'ஊமை ஆட்டம்' என்று பெயர் வைத்தார்கள். யாரும் வாய் திறக்கக் கூடாது. பந்தைப் பிடுங்க வருகிறவர் கபடிக்காரர் மாதிரி தொடையைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். பாஷா அண்ணன் கோலுக்குப் பின்னால் நின்று ஸ்பேனரால் இந்தக் கம்பத்தில் ஒரு தட்டு, அந்தக் கம்பத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். இரண்டு சத்தத்துக்கும் நடுவில்தான் கோல். வலையெல்லாம் கிடையாது, வெறும் இரும்புக் குழாய்.

அவள் உதைப்பாள். துரை அண்ணன் தொப்பென்று விழுவார். பந்து உள்ளே போகும். அதன் பிறகுதான் எல்லோரும் கத்தலாம். கத்துவார்கள் பாருங்கள், மலையே கேட்கும். அவளைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போவார்கள். தினமும் ஒரு பன், பால் ஜாஸ்தியாகப் போட்ட டீ.

நான் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவேன்.

அவளுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. பெண்தான். அதே மைதானம், அதே பாஷா அண்ணன். கேட்டால், அது குழந்தை என்பார்கள். கண் தெரியாததால் அவள் அவர்களுக்குப் பெண்ணாகவே தெரியவில்லை என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. புரியாத வயதில் நான் செய்தது வேறு. ஒரு நாள் அப்பாவின் ஈரத்துணியைக் கண்ணில் இறுகக் கட்டிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டே மைதானத்துக்குள் நடந்தேன். எனக்கும் தெரியல, இப்ப நானும் ஆடலாமில்ல என்பது என் வாதம்.

பாஷா அண்ணன் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டார். "கலா, நீ பெரிய பொண்ணும்மா. நாலு பேரு பாப்பாங்க. போ" என்றார். துணி கட்டியிருந்தது ஒரு விதத்தில் நல்லது. நான் அழுததை அந்த நாலு பேரும் பார்க்கவில்லை.

காதில் சொன்னது

இனி முக்கியமான சங்கதி. வசந்திக்கு ஆட்டம் எப்படித் தெரியும்?

நான் சொல்லித்தான். அவள் வண்டிக்கடியில் துணி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு காதுக்குள் சொல்வேன். பாஷாண்ணன் எடுத்துட்டாரு, ஓரமா போறாரு, ரெண்டு பேர் வராங்க, மணியண்ணனுக்குத் தள்ளிட்டாரு, மணியண்ணன் வெளிய அடிச்சிட்டாரு, தலையில கை வச்சிக்கினு நிக்கறாரு. இப்படி ஒரு மூச்சும் விடாமல். நான் ஆடாத ஆட்டத்தையெல்லாம் அவள் காதுக்குள்தான் ஆடினேன்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் எல்லோரும் அவளைச் சுற்றி உட்காருவார்கள். இன்னிக்கு மேட்ச் எப்படி பாப்பா என்று யாராவது தூண்டிவிடுவார்கள். என் வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து வரும். அதற்கு உப்பும் காரமும் அவள் சேர்த்துக்கொள்வாள், அதை மறுக்க மாட்டேன். அவர்கள் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்துவிட்டு ஒரு நாள் பாஷா அண்ணன், நம்ம எல்லாரையும்விட இதுக்குத்தான் மேட்ச் தெரியுது என்றார்.

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வசந்தியும் அக்காதான் சொன்னாள் என்று சொல்லவில்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை. நமக்கு யார் கண் கொடுத்தார்கள் என்று நாம் தினமும் சொல்லிக்கொண்டா இருக்கிறோம்? இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்கு வயிறு எரிந்தது.

இறுதி ஆட்டத்தன்று காலை அப்பா ஒரு சின்னச் சட்டையை என் முன்னால் போட்டார். டீம்காரர்கள் வசந்திக்கென்று தைத்தது. பதினோரு பேருக்குப் பிறகு பன்னிரண்டாவது. நன்றாகத் தேய்த்துக் கொடு என்றார். ஈரத்துணியை எடுத்துவிட்டுப் பெட்டியை நேராக வைத்தால் போதும், அந்தப் பன்னிரண்டு புஸ்ஸென்று சுருண்டுவிடும். கரி கனன்ற பெட்டியை அந்த எண்ணுக்கு மேலே கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்தேன். பிறகு ஈரத்துணியை விரித்துத் தேய்த்தேன். அப்பா அடிப்பார் என்ற பயம்தான், வேறு நல்லெண்ணம் எதுவுமில்லை.

கடைசி நிமிடம்

கீழ்பென்னாத்தூர் டீமோடு ஆட்டம். அவர்கள் ஆட்கள் வேனில் டிரம்மோடு வந்திருந்தார்கள். இரண்டு டீமும் ஆளுக்கொரு கோல் போட்டிருந்தன. கடைசி நிமிடம் வரை நான் வசந்தியின் காதில் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

அப்போது அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சும்மா ஓர் உதை விட்டார். பந்து நடந்து வருகிற மாதிரி மெதுவாக வந்தது. துரை அண்ணன் குனிந்தார். அது அவர் கைக்கும் அகப்படாமல் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டது. மைதானமே அலறியது. பாதி சந்தோஷத்தில், பாதி வயிற்றெரிச்சலில். காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"இன்னாச்சு? அக்கா, இன்னாச்சு?" வசந்தி என் தாவணியைப் பிடித்து உலுக்கினாள்.

இன்னும் சற்று நேரத்தில் அவள் மைக்கில் பேசப் போகிறாள். என் வாயால். இந்த ஊர் முழுக்க அவளைக் கொண்டாடப் போகிறது.

"கோல்" என்றேன். "நாம ஜெயிச்சிட்டோம். மணியண்ணன் போட்டாரு, தலையால முட்டி."

"அவரு முட்ட மாட்டாரே. குடுமி அவுந்துடுமே."

"இன்னிக்கு முட்டிட்டாரு. குடுமி அவுந்துதான் போச்சு."

அவள் துள்ளிக் குதித்தாள். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். டிரம் சத்தம் கிளம்பியது. அவள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அது அவங்க டிரம்மாச்சே என்றாள். நம்மாளுங்க புடுங்கி அடிக்கறாங்க என்றேன். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய். அவள் நம்பினாள். அவள் என்னை நம்பாமல் இருந்ததே கிடையாது. பாஷா அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு மைக்குக்குப் போனார்.

இப்போது நாம் தக்காளிப் பெட்டிக்குத் திரும்பி வந்துவிட்டோம்.

வசந்தி முதல் கோலைச் சொன்னாள், இரண்டாவதைச் சொன்னாள். கீழ்பென்னாத்தூர் ஆட்கள்கூட வாயைப் பிளந்து கேட்டார்கள். துரை அண்ணன் கோல் கம்பத்தடியில் சட்டையை முகத்தின் மேல் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி நிமிடத்துக்கு வந்தாள்.

"கார்னர்லேருந்து பந்து வருது. எல்லாரும் எகிறுறாங்க. மணியண்ணன் தலையால முட்டினாரு. கோல். குடுமி அவுந்து போச்சு" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்த ஒண்ணுக்கப்புறம் துரைண்ணன் ஒரு பந்தக்கூட உள்ள உடல" என்று தானாகவே ஒன்றைச் சேர்த்தாள்.

மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. வேன் பக்கத்திலிருந்து ஒருவன் கெக்கேயென்று சிரித்தான். வாடி வா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மணி அண்ணன் எழுந்தார். எல்லோரும் பார்க்க, கையைப் பின்னால் கொண்டுபோய் ரப்பர் பேண்டை உருவி எறிந்தார். குடுமி அவிழ்ந்து தோளில் விழுந்தது. தலையை ஓர் உதறு உதறிவிட்டு, அப்படியே கையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் ஓடினார், கோல் போட்டவர் ஓடுகிற மாதிரி. பாஷா அண்ணன் கைதட்டினார். அடுத்துத் தட்டியவர் கீழ்பென்னாத்தூர் கேப்டன். டிரம்காரர்கள் மணி அண்ணன் ஓட்டத்துக்கு அடிக்க ஆரம்பித்தார்கள். ஊரே எழுந்து நின்று தட்டியது.

துரை அண்ணன் ஓடி வந்து அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அழுதுகொண்டே சிரித்தார். தன்னைத் தேற்றுவதற்காகவே குழந்தை அப்படி மாற்றிச் சொல்லிவிட்டது என்று அவர் நினைத்தார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். என் பொய் முழுவதும் அவள் தயாள குணமாகக் கணக்காகிவிட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வண்டிக் கம்பி

கார் வந்தது. முதல் பரிசு கீழ்பென்னாத்தூர் என்று மைக்கில் அறிவித்தார்கள். நான் வசந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துரை அண்ணன் தோளில் இருந்த அவள், கைதட்டலை நிறுத்திவிட்டாள். அக்கா சொன்னாள் என்று இப்போது சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். துரை அண்ணன் முகத்தை மேலே தூக்கி, "நீ மட்டும் அப்படிச் சொல்லலன்னா நான் இனிமே கிரவுண்டு பக்கமே வந்திருக்க மாட்டேன் பாப்பா" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது அப்பா வண்டியைத் தள்ளினார். வழக்கமாக வசந்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அன்று நான் முழங்கையை நீட்டினேன், அவள் துழாவிப் போய் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது அவங்க டிரம்முதானே" என்று மட்டும் கேட்டாள். அப்பா ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து அவளுக்கு ஆட்டம் சொல்ல மணி அண்ணன் வந்து உட்கார்ந்தார். குருக்கள் வீட்டுப் பிள்ளை நாலு ஊர் பார்க்கக் குடுமியை அவிழ்த்துப் போட்டு ஓடினான் என்று கோயில் வரை சேதி போய், ஒரு மாதம் ஆடக் கூடாது என்று அவர் அப்பா கட்டளை. வேடிக்கை பார்க்கத் தடையில்லை. அதுவும் என் கைங்கரியம்தான்.

ஆனால் அவர் சொன்ன லட்சணம் இருக்கிறதே. பந்து அங்க போறது, இங்க வர்றது, அடடா போயிடுத்து. இதுதான் வர்ணனை. கரி விசிறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, விசிறியை அவர் மேல் எறியலாமா என்றிருந்தது. எங்கிருந்து எங்கே போனது என்று சொல்ல வேண்டாமா? வசந்தி அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். டீக்கடையில் அவள் சொல்கிற ஆட்டம் கம்மியாகிக்கொண்டே வந்தது. பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள்.

அந்த மைதானத்தில் எனக்கென்று இருந்தது அவள் காது ஒன்றுதான். அதையும் மணி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கொலுசு

மாசி மாத வெயில் தாழ்ந்த ஒரு சாயங்காலம். ஊமை ஆட்டத்துக்குப் பந்தில் கவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். வசந்தி மைதானத்துக்கு நடுவில் நின்று, இன்னைக்கு எங்கக்கா கோல்ல நிக்கட்டும் என்றாள்.

துரை கோச்சிக்குவாரு என்று பாஷா அண்ணன் சமாளித்துப் பார்த்தார்.

"துரைண்ணன் தினமும் பந்து போற பக்கம் விழறதே இல்ல. வேற பக்கம்தான் விழறாரு. எனக்குக் கேக்குது" என்றாள்.

துரை அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பாஷா அண்ணன் எங்கள் வண்டிப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"தாவணிய இழுத்துச் சொருகிக்கோ. கால்ல மாட்டும்" என்றார்.

பதின்மூன்று வயதுவரை நான் வெளியிலிருந்து பார்த்த அந்த இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் போய் நின்றேன். உள்ளே நின்று பார்த்தால் கோல் எவ்வளவு அகலம் தெரியுமா?

ஸ்பேனர் தட்டியது. பந்து சரசரத்தது. வசந்தி வந்தாள், உதைத்தாள். நான் தாவிப் பிடித்தேன்.

யாரோ த்ச் என்றார்கள். சின்னக் குழந்தைக்கு விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று பாஷா அண்ணன் முகத்தாலேயே கேட்டார். வசந்தி கையை நீட்டி, பந்தக் குடுங்க என்றாள். மறுபடி உதைத்தாள். மறுபடி பிடித்தேன். பிறகு ஒன்று. பிறகு ஒன்று. கவர் கிழிந்து வேறு கட்டினார்கள். என் முழங்கை தேய்ந்து ரத்தம் கசிந்தது. அவளுக்கு நேர்மையாக ஆடிக்காட்ட வேண்டும் என்றெல்லாம் நான் நினைத்ததாக இப்போது எழுதினால் அது அழகாக இருக்கும். உண்மை அதில்லை. அந்தப் பன்களும் டீயும் பன்னிரண்டாம் நம்பரும் மணி அண்ணன் குடுமியும் என் கண்முன்னால் வந்தன. விடவே கூடாது என்றுதான் விழுந்து விழுந்து பிடித்தேன்.

பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. யாரும் நிறுத்தவில்லை.

வசந்தி இந்த முறை உதைக்கவில்லை. பந்தின்மேல் காலை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் ஓர் அடி நகர்ந்தேன், இந்தப் பக்கம் ஓர் அடி வந்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

என் காலில் கொலுசு இருந்தது. அத்தை போட்டது. வீட்டில் வசந்தி என்னைக் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான். அவளிடமிருந்து தப்பிக்க வேண்டுமானால் இரண்டு கையாலும் கொலுசைப் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரி நடப்பேன். திருவண்ணாமலையில் கொலுசு போட்டுக்கொண்டு கோலில் நின்ற ஒரே கீப்பர் நான்தான்.

கொலுசு வலப்பக்கம் குலுங்கிய நொடியில் அவள் இடப்பக்கம் உதைத்தாள். தாவினேன். விரல் நுனிக்கும் எட்டவில்லை. பந்து கம்பங்களுக்கு நடுவே புகுந்து சரசரத்துக்கொண்டே தூரத்தில் போய் ஓய்ந்தது.

கோல் என்று அத்தனை பேரும் கத்தினார்கள். அவளைத் தூக்க ஓடினார்கள். அவள் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள். மண்ணில் விழுந்து கிடந்த என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அக்கா, நீ சொல்லு. போச்சா?"

வலை இல்லாத கோல். மற்றவர்கள் தினமும்தான் கத்துகிறார்கள். அவளுக்குத் தெரிய வேறு வழியே இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி.

வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"போச்சு" என்றேன். "இடது கம்பத்துக்கு ஒரு சாண் உள்ள."

அவள் முகம் மலர்ந்ததை எழுத எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை. நேராக நடந்து வந்து, என் முழங்கையைத் தேடிப் பிடித்தாள். ரத்தம் பிசுபிசுத்தது, விடவில்லை.

டீக்கடையில் வழக்கம்போல எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். இன்னிக்கு எப்படி பாப்பா என்று துரை அண்ணன் கேட்டார். வசந்தி பன்னை இரண்டாகப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு எப்பவும் எங்கக்காதான் சொல்லும்" என்றாள். "அதையே கேளுங்க."

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்று, நான் வாங்கிய கோலை முதலிலிருந்து, ஒன்றையும் மாற்றாமல் சொன்னேன்.